வெள்ளிமலை என்று ஒரு லேபிள்

அக்கா,

உன் மடிக்கணினியைக் கவிழ்த்துத் தட்டினேன். விசைகளின் இடுக்கிலிருந்து விபூதி உதிர்ந்தது. மேசைமேல் விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு சிட்டிகை தேறும். காலையில் நெற்றிக்கு இட்ட கையைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்து, முந்தின நாள் செலவுகளுக்கு லேபிள் போட்டுவிட்டுத்தான் நீ கருவூலத்துக்குக் கிளம்புவாய். பஸ்ஸுக்கு நேரமானாலும் அது மாறாது.

மாமா போன வாரம் உங்கள் வீட்டிலிருந்து தியாகதுருகத்தில் என் வீட்டுக்கு வந்து இதைக் கொடுத்துவிட்டுப் போனார். “எனக்கு இது ஒண்ணும் புரியல மாப்ள. அம்மா டெபாசிட்ட முடிச்சிப் பிரிக்கணும். நீயே பாத்து இன்னா ஏதுன்னு சொல்லு” என்றார். எட்டு மாதம் தன்னிடம் வைத்திருந்த பொருளை இப்போது ஏன் என்னிடம் தருகிறார் என்று யோசித்தேன். இந்த எட்டு மாதத்தில் இதில் எதையெல்லாம் அழித்திருப்பார் என்றும் யோசித்தேன். இரண்டு நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள்தான் தட்டினேன்.

நான் இப்படித்தான், உனக்குத் தெரியும். நில வருவாய் ஆவணங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவன். எழுதி வைத்த எதையும் எழுதியவனுக்கு அதில் என்ன லாபம் என்று கேட்டுவிட்டுத்தான் படிப்பேன். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு தனியார் கல்லூரிகளில் இருபத்து மூன்று வருடம் தற்காலிக விரிவுரையாளனாகவே இருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் நிரந்தரமானார்கள். அப்பா பணம் கட்டியிருந்தால் எனக்கும் ஒரு நிரந்தர இடம் அமைந்திருக்கும். அந்த வருடம்தான் உன் கல்யாணம். இதை நான் உன்னிடம் எத்தனை முறை சொன்னேன் என்பதற்கும் நீ ஒரு கணக்கு வைத்திருந்தாய். “இது இந்த வருஷம் அஞ்சாவது வாட்டிடா” என்பாய்.

அப்பா போன பிறகு நிலத்தை விற்றோம். பணத்தை அம்மா பேரில் டெபாசிட் போட்டோம். பக்கவாதத்தில் பேச்சும் போய்ப் படுத்த அம்மாவை நீ கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனாய். வட்டியில்தான் அம்மாவின் செலவு. ஆறே மாதத்தில் நான் கணக்குக் கேட்டேன். நீ கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ சந்தோஷப்பட்டாய். வீட்டுக் கணக்குக்கு நீ ஏற்கெனவே வைத்திருந்த மென்பொருளில் அம்மாவுக்குத் தனியாக ஒரு கணக்கைத் தொடங்கி, என் பேரையும் கடவுச்சொல்லையும் போட்டு, என் கைப்பேசியை வாங்கி அதிலும் இறக்கிக் கொடுத்தாய்.

“பாக்கறதுக்கு மட்டும் குடுத்தா எதையோ மறைக்கறேன்னு சொல்லுவ. முழுசா தொறந்து வுட்டிருக்கேன். பாத்துக்கினு இரு.”

ஒவ்வொரு செலவுக்கும் ஒரு லேபிள், ஒவ்வொரு லேபிளுக்கும் ஒரு நிறம். அம்மா மருந்து பச்சை. அம்மா சாப்பாடு மஞ்சள். கூட இருக்கும் ஆளின் சம்பளம் நீலம். மருந்துக்கடைக்குப் பணம் போனால் மென்பொருளே மருந்து என்று போட்டுக்கொள்ளும்படி விதி எழுதி வைத்திருந்தாய். ஒருமுறை மருந்துக்கடையில் சோப்பும் வாங்கிவிட்டாய். ஒரே ரசீது, நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். அதை முந்நூற்று எண்பதாகவும் முப்பத்திரண்டாகவும் பிரித்து, முப்பத்திரண்டை வீட்டுச் சாமானில் சேர்த்தாய். நான் சிரித்தேன்.

“சிரிக்காத. சோப்பு மருந்தாடா? துகை தப்பா இருந்தா கூட்டிப் பாத்து கண்டுபுடிச்சிரலாம். தலைப்பு தப்பா இருந்தா கூட்டல் சரியாவே வரும். யாருக்கும் தெரியாது. அதான் பெரிய தப்பு.”

லேபிள் என்ற சொல்லே உனக்கு ஒட்டவில்லை. கருவூலத்தில் சொல்வதுபோல் தலைப்பு என்றே சொல்வாய்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. காகிதத்தில் திருத்தினால் அடித்த கோட்டுக்குக் கீழே பழையது தெரியும், பக்கத்தில் சுருக்கொப்பம் இருக்கும். இங்கே ஒரு லேபிளின் பெயரை மாற்றினால் மூன்று வருடத்துப் பழைய பதிவுகளும் ஒரு நொடியில் புதுப் பெயருக்கு மாறிக்கொள்கின்றன. சுவடே இல்லை. எனவே நான் ஒரு நோட்டுப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பேருந்தில் கைப்பேசியைப் பார்த்து, லேபிள்களையும் தொகைகளையும் பேனாவால் எழுதிக்கொள்வேன். நாள், நேரம், எழுதிய இடம் எல்லாம் குறிப்பேன். ஆதாரம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அலமேலுவை இங்கே சொல்ல வேண்டும். கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து வந்து அம்மாவுக்குத் துணையாக உன் வீட்டிலேயே தங்கியிருந்த பெண். அம்மாவைத் திருப்பிப் போடுவதும் துடைப்பதும் அவள்தான். ஒரு ஞாயிறு நான் வந்தபோது அம்மாவின் இடது காதில் தோடு இல்லை. நீ கடைக்குப் போயிருந்தாய். நான் அலமேலுவைக் கூடத்துக்கு வரச் சொன்னேன். அவள் பையைக் கொண்டுவரச் சொன்னேன்.

“பைய எதுக்கு சார்?”

“கொண்டு வாம்மா. இல்லேன்னா இல்லேன்னு தெரிஞ்சிடும்.”

இரண்டு புடவை, ஒரு தேங்காயெண்ணெய்ப் புட்டி, ஒரு செய்தித்தாள் பொட்டலத்தில் சாமைப் பொரி. மாடியில் குடியிருந்தவர்கள் படிக்கட்டில் நின்று பார்த்தார்கள். தோடு இல்லை. நீ வந்தபோது அவள் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நீ எவ்வளவோ சொல்லியும் நிற்கவில்லை. அன்று சாயங்காலப் பேருந்துக்கே போய்விட்டாள். நீ அம்மாவின் வலது காதுத் தோட்டையும் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு துளைகளிலும் வேப்பங்குச்சி செருகினாய். பத்திரத்துக்காகச் செய்கிறாய் என்று நினைத்தேன். செய்ய வேண்டியதுதான் என்றும் நினைத்தேன்.

அடுத்த மாதத்திலிருந்து புதிதாக ஒரு லேபிள் வந்தது. வெள்ளிமலை. மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். கையில் எடுத்த பணம். யாருக்கு என்று இல்லை. நிறமும் இல்லை, வெறும் சாம்பல் வட்டம். பிற வரிசைகளுக்கு நடுவில் பதுங்கியிருந்ததால் எனக்கே ஐந்தாறு மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. கேட்டேன்.

“அது உனக்கு வேணாம்டா. தலைப்பு சரியாத்தான் கீது.”

“கல்வராயன் மலையில நமக்கு யாரு இருக்காங்க?”

“கணக்குத்தானே கேட்ட? கணக்கு கீது. வுடு.”

நீ சொல்லாததற்கு நானே காரணங்கள் கண்டுபிடித்தேன். மலையில் மாமா நிலம் பிடிக்கிறார் என்று ஒரு மாதம். சீட்டுக் கட்டுகிறாய் என்று இரண்டு மாதம். அலமேலுவை நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். அவளும் நீயும் சேர்ந்துதான் அந்தத் தோடு போயிற்றோ என்று நினைத்தேன். எழுதுகிறேன், படித்துக்கொள்.

வெள்ளிமலையில் இருபத்திரண்டு பதிவுகள் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிறு பேருந்தில் நோட்டைப் பிரித்துக் கைப்பேசியைப் பார்த்தால், அந்த லேபிளே இல்லை. பட்டியலில் மேலும் கீழும் தேடினேன். இருபத்திரண்டும் பச்சை நிறத்தில் அம்மா மருந்துக்குள் போய் உட்கார்ந்திருந்தன. பாதி வழியில் இறங்கி, எதிர்ப்பக்கப் பேருந்து பிடித்துத் திரும்ப உன் வீட்டுக்கு வந்தேன்.

“இன்னாடா, எதையாவது வுட்டுட்டுப் போயிட்டியா?” என்றாய்.

“வெள்ளிமலை எங்க?”

“மலையிலதான் இருக்கும்” என்றார் மாமா, தட்டில் பஜ்ஜியை எடுத்தபடி.

“உங்களக் கேக்கல மாமா. இருபத்திரெண்டு மாசக் காசு, முப்பத்து மூவாயிரம். மருந்துன்னு மாத்தி வெச்சிருக்கா. கவர்மென்ட் கணக்குல செஞ்சா இதுக்குப் பேரு இன்னான்னு அவளையே கேளுங்க.”

நீ இந்த மடிக்கணினியைத் திறந்தாய். நான் உனக்கு எதிரே நின்றிருந்தேன். திரை எனக்குத் தெரியவில்லை, உன் முகம் தெரிந்தது. எதையோ தேடினாய். ஓரிடத்தில் விரல் நின்றது. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு திரையைப் பாதி மடக்கி வைத்துவிட்டு, “காப்பி ஆறிப்போவுது, குடி” என்றாய்.

அந்தப் பாதி மடக்கலை நான் மறக்கவே இல்லை. அகப்பட்டுக்கொண்டவர்கள் செய்வது அது என்று எனக்கு அத்தனை உறுதி. மறுநாளே இருபத்திரண்டு பதிவுகளும் ஒவ்வொன்றாகப் பழைய லேபிளுக்குத் திரும்பியிருந்ததைக் கைப்பேசியில் பார்த்தேன். திருட்டுப்பொருளை இருந்த இடத்தில் வைத்துவிட்டால் திருட்டு இல்லை என்று ஆகுமா என்று உனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். அந்த முப்பத்து மூவாயிரத்தை உன் பங்கில் கழிக்க வேண்டும் என்றும் எழுதினேன். நீ “சரி” என்று ஒரு சொல் அனுப்பினாய். வெள்ளிமலை லேபிளில் அதன் பிறகு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அதையும் ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறகு நாம் பேசவில்லை. அம்மா போனபோது வந்தேன்; மூன்றாம் மனிதனைப்போல் பந்தலின் ஓரத்தில் நின்றேன். நீ சாப்பிடச் சொல்லி ஆள் அனுப்பினாய், சாப்பிடவில்லை. அதற்கடுத்த வருடம் நீ அலுவலகத்திலேயே மயங்கி விழுந்து, மருத்துவமனைக்குப் போகும் வழியில் போய்விட்டாய். உன் பதினாறாம் நாள் காரியத்தில் மாமா ஒரு காக்கி உறையைக் கொடுத்தார். “அவ எழுதி வெச்சிருந்தா மாப்ள, உனுக்குத் தரணும்னு.” முப்பத்து மூவாயிரம். எண்ணிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால் எண்ணினேன்.

இப்போது இந்த மடிக்கணினி.

கைப்பேசியில் இல்லாத ஒரு பக்கம் இதில் இருக்கிறது. மாற்றங்களின் வரலாறு. எந்த லேபிளை யார், எப்போது, எந்தக் கருவியிலிருந்து மாற்றினார்கள் என்பது வரிசையாக. சுவடே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மென்பொருளில் எல்லாச் சுவடும் இருந்திருக்கிறது. என் பெயரில் நுழைந்தாலும் அந்தப் பக்கம் திறக்கிறது. நீ முழுசாகத்தான் திறந்து விட்டிருந்தாய்.

மாமா எதை அழித்தார் என்று கண்டுபிடிக்கத்தான் உள்ளே போனேன். மாமா எதையும் தொடவில்லை. பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தபோது அந்த வரி வந்தது. வெள்ளிமலை என்ற லேபிள் அம்மா மருந்துடன் இணைக்கப்பட்டது. பக்கத்தில் என் பெயர். என் கைப்பேசி. நான் வெறிபிடித்துத் திரும்பி வந்தேனே, அதற்கு முந்தின ஞாயிறு, மாலை நாலு இருபது.

உடனே நம்பவில்லை. என் கடவுச்சொல் உனக்குத் தெரியும்; நீயே என் பேரில் நுழைந்து செய்திருக்கலாம். ஆனால் கைப்பேசி என்னுடையது. பீரோவிலிருந்து நோட்டை எடுத்துவந்தேன். அந்த ஞாயிற்றுப் பக்கத்தின் மேலே என் கையெழுத்தில்: மாலை நாலு இருபது, பேருந்தில். லேபிள்கள் வரிசையாக. கடைசியில் வெள்ளிமலை. அந்தச் சொல்லின் கடைசி எழுத்திலிருந்து பேனா ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு தாளின் ஓரம்வரை ஓடியிருக்கிறது. வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியிருக்க வேண்டும். ஒரு கையில் பேனா. இன்னொரு கையில் கைப்பேசி, பெருவிரல் அந்த லேபிளின்மேல்.

கைப்பேசியில் செய்து பார்த்தேன், வேண்டாத இரண்டு லேபிள்களைப் புதிதாக உருவாக்கி. ஒன்றை அழுத்திப் பிடித்து இன்னொன்றின்மேல் விட்டால் இணைக்கவா என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழுகிறது. சரி என்று தொட்டால் முடிந்தது. இணைந்ததைப் பிரிக்க வழி கிடையாது. அன்று பெட்டி எழுந்ததா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவில்லை. எழுந்திருக்கும். நானூறு வரி ஆவணத்தை மூன்று முறை படிக்கிறவன், அந்த ஒரு வரியைப் படிக்காமல் தொட்டிருக்கிறேன்.

அதற்குக் கீழே மறுவாரத்துப் பதிவுகள், உன் பெயரில், இருபத்திரண்டு. ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்திருக்கிறாய். முதல் பதிவின் குறிப்பில் எழுதியிருந்தாய்: தவறுதலாக இணைந்தது. சரிசெய்யப்பட்டது.

யாரால் என்று எழுதவில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் விடுகிற ஆள் இல்லை நீ. அன்று விரல் நின்றது இந்த வரியில்தானே? திரையை மடக்கியது யாருக்காக? என்னிடம் அப்போதே திருப்பிக் காட்டியிருக்கலாம். நான் ஒரு மணி நேரம் கத்தியிருப்பேன், பிறகு அடங்கியிருப்பேன். நம்மிடையே பேச்சு இருந்திருக்கும். என்னைக் காப்பாற்றினாயா, அல்லது என்றைக்காவது நானே திறந்து பார்த்து வேகட்டும் என்று விட்டுவைத்தாயா? இரண்டாவதாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் நாம் சரிக்குச் சரி.

மறுநாள் கள்ளக்குறிச்சி போய் வெள்ளிமலை என்றால் என்ன என்று மாமாவைக் கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு நகைக்கடைச் சிமிழைக் கொண்டுவந்து திறந்தார். இரண்டு தோடும் இருந்தன.

“அலமேலு போய் பத்து நாளுக்கெல்லாம் கெடச்சிது மாப்ள. வாட்டர் பெட்ட மாத்தறப்போ மடிப்புல இருந்துது.”

தோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புதிதாகச் செய்து வைத்திருந்தால் தெரிந்துவிடும். மூன்றாம் கல் முனை உடைந்த அதே பழைய தோடு.

“பாரு, நல்லா பாரு” என்றார் மாமா. “இதுக்காகத்தான் அவ சொல்லல. சொன்னா நம்பமாட்டான், புதுசு வாங்கி வெச்சிருக்கேன்னு சொல்லுவான்னா.”

“அப்ப அந்த ஆயிரத்து ஐந்நூறு?”

“திருடின்னு பேராயி டவுன்ல அந்தப் பொண்ண ஒருத்தரும் வேலைக்குச் சேக்கல. மாசா மாசம் பஸ் ஏறிப் போயி கையில குடுத்துட்டு வருவா. அம்மா தோட்டால வந்த தப்பு, அம்மா காசுலதான் தீரணும்னா. ஆளு சம்பளம்னு போடுன்னேன். வேல செய்யாதவங்களுக்குச் சம்பளம்னு எப்படிப் போடறதுன்னு என்னையே திட்டினா. மருந்துன்னும் போட மாட்டேன்னா. ஊர் பேரப் போட்டா பொய் இல்லன்னு போட்டா. நீ சண்ட போட்டப்பறம் அவ சம்பளத்துலேர்ந்து குடுத்தா.”

உறையை எடுத்துக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலைவளைவுகளில் பேருந்து மெதுவாக ஏறியது. மாதாமாதம் இந்த இருக்கைகளில் ஒன்றில், முட்டிவலியோடு, மடியில் பையை வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பாய். அலமேலு இப்போது ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். விசாரித்துக்கொண்டு போனபோது வேலை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். தோளிலிருந்த பையைக் கழற்றி, வாயை அகலமாகப் பிரித்து என் முன் நீட்டினாள்.

“பாத்துக்கோங்க சார்.”

நான் பார்க்கவில்லை. தோடு கிடைத்ததைச் சொன்னேன். தெரியும் என்றாள்; கிடைத்த அன்றே நீ வந்து சொல்லியிருக்கிறாய், அவள் வீட்டார் எல்லார் முன்னாலும். நான் கூடத்தில் செய்ததற்கு நீ எல்லார் முன்னாலும் வந்து நின்றிருக்கிறாய். உறையை நீட்டினேன்.

“இன்னா சார் இது?”

“அக்கா உனக்குக் கொடுத்த பணம். நான் திருப்பி வாங்கிட்டேன். உன்னோடதுதான்.”

“அக்கா குடுத்தத நான் வாங்கிக்கினேன் சார். அது வந்துடிச்சி, செலவும் ஆயிடிச்சி. இது நீங்க குடுக்கறது.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அக்கா வந்தா ரெண்டு மணி நேரம் ஒக்காந்து பேசிட்டுத்தான் போவும். நீங்க கடைசி பஸ்ஸப் புடிங்க. வுட்டா காலையிலதான்.”

கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இந்த முப்பத்து மூவாயிரத்துக்கு மேல் இன்னும் ஏதாவது எதிர்பார்க்கிறாளோ என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது, அக்கா. அது ஓடி முடிவதற்குள் அவள் திரும்பிப் பார்க்காமல் வளைவில் இறங்கிவிட்டாள்.

இன்று டெபாசிட்டின் கடைசிக் கணக்கை எழுத உட்கார்ந்தேன். உன் பங்கில் ஒரு ரூபாயும் கழிக்கவில்லை, மாமாவுக்குச் சொல்லிவிட்டேன். இந்த முப்பத்து மூவாயிரத்தைத் திரும்பக் கொடுக்கப் போனால் அவர், “அவ உனக்குன்னுதான் எழுதினா” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வரவில் ஏற்றினேன். மென்பொருள் லேபிள் கேட்டது. மருந்து இல்லை, சம்பளம் இல்லை. வெள்ளிமலை என்று போட எனக்கு உரிமை இல்லை. மூலையில் சிவப்பில் காட்டிக்கொண்டே இருந்தது: லேபிள் இல்லாதவை, ஒன்று.

யாருடையது, எதற்கு என்று தெரியாத பணம் வந்தால் உங்கள் அலுவலகத்தில் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை உன்னைக் கேட்டிருக்கிறேன். எங்காவது சுருட்டிவிடுவீர்கள் என்ற நினைப்பில்தான் கேட்டேன். நீ தோசை திருப்பிக்கொண்டிருந்தாய்.

“அனாமத்துல வெப்போம். சரியான தலைப்பு தெரியற வரைக்கும் அங்க நிக்கும். ஆனா மறந்துட முடியாதுடா. வருஷா வருஷம் ஆடிட்ல கேப்பாங்க, இது இன்னும் ஏன் இங்க கீதுன்னு. பதில் எழுதணும்.”

அனாமத்து என்று புதிதாக ஒரு லேபிள் உருவாக்கினேன். நிறம் எதுவும் தரவில்லை. அதுவாகச் சாம்பல் வட்டத்தை எடுத்துக்கொண்டது. குறிப்பில் உன்னைப்போல் எழுதினேன்: தவறுதலாக வாங்கப்பட்டது. யாரால் என்பதையும் சேர்த்தேன். உறை என் பையில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் வாரம் மறுபடி வெள்ளிமலை போகிறேன். அவள் மறுபடியும் பையைப் பிரித்து நீட்டுவாள். வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்கப் போவதில்லை. இது இன்னும் ஏன் இங்கே இருக்கிறது என்று அவள் கேட்டால், கூடத்தில் செய்ததிலிருந்து தொடங்கிப் பதில் சொல்லப் போகிறேன்.

உன் தம்பி